எபிசோடு 41: வெனீர் போடறதுக்கு முன்னாடி, எந்தத் தண்ணி குடிச்சு வளர்ந்தீங்க?

(இது எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த சொற்களை மட்டும் நீக்கியிருக்கிறோம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

வழக்கமா இங்க வேலை மாறறது, இன்டர்வியூ, சம்பளம், கோடு ரிவ்யூன்னு பேசுவோம். இன்னிக்குப் பல்லு. சிரிக்காதீங்க. இல்ல, தாராளமா சிரிங்க, ஏன்னா சிரிக்கறதப் பத்தித்தான் இந்த எபிசோடே.

ரெண்டு மாசம் முன்னாடி ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாரு. "அண்ணா, எனக்குப் பல்லுல பிறந்ததுல இருந்தே காவிக் கறை. அடுத்த மாசம் பொண்ணு பாக்கப் போறோம். வெனீர் போட்டா சரியாயிடுமா?" அவ்வளவுதான் கேள்வி. அவருக்கு ஒரு நிமிஷத்துல பதில் சொல்லியிருக்கலாம். ஆனா அந்தக் கேள்விய நானும் கேட்டிருக்கேன். எனக்குக் கிடைச்ச முதல் பதில் தப்பான பதில். அதனால முழுசா சொல்லிடறேன்.

கைய வாயில வச்சுட்டு சிரிக்கறவன்

என் ஊரு திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவுல இருக்கற ஒரு சின்ன ஊருங்க. அந்தப் பக்கம் தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு தெரியும். இந்தியாவுல எந்த மூலைக்குப் போனாலும் போர் போட்டுட்டு நிக்கற ரிக் லாரில பெரும்பாலும் திருச்செங்கோட்டுப் பேரு எழுதியிருக்கும். எங்க அப்பா அப்படி ஒரு ரிக்குலதான் இருபது வருஷம் வேலை பாத்தாரு. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம்னு மாசக் கணக்குல போயிடுவாரு.

எனக்கு ஏழு வயசுல பால் பல்லு விழுந்து புதுப்பல்லு முளைச்சது. முளைக்கும்போதே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு. ஒரு ரெண்டு மூணு வருஷத்துல அந்தத் திட்டு பழுப்பாயிடுச்சு. முன்னாடி ரெண்டு பல்லுல குறுக்கால ஒரு காவிக் கோடு. எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு அப்படித்தான், அதனால ஊருக்குள்ள இருந்த வரைக்கும் அது ஒரு விஷயமாவே தெரியல.

இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டல் போனதும் தெரிஞ்சுது. மொத வாரமே ஒருத்தன் கேட்டான், "ஏன்டா, பல்லு வெளக்கவே மாட்டியா?" அவன் கெட்டவன் கிடையாது, இன்னிக்கும் என் ஃப்ரெண்டுதான். ஆனா அன்னைல இருந்து ஒரு பழக்கம் வந்துச்சு. சிரிக்கும்போது கை தானா வாய்க்குப் போயிடும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, மூணு தடவை பல்லு வெளக்குவேன். உப்பு வச்சுத் தேய்ச்சிருக்கேன், எலுமிச்சம்பழம் தேய்ச்சிருக்கேன், கரிப்பொடி தேய்ச்சிருக்கேன். கறை அப்படியேதான் இருந்துச்சு. பல்லு கூச ஆரம்பிச்சதுதான் மிச்சம். எலுமிச்சம்பழத்துல இருக்கற அமிலம் எனாமலக் கரைக்கும். கரிப்பொடி அத உராயும். நான் கறையப் போக்கறேன்னு பல்லத்தான் தேய்ச்சுட்டு இருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்து வீடியோ கால் வந்ததும் இன்னும் மோசம். மூஞ்சி பெருசா ஸ்க்ரீன்ல தெரியும். "கேமரா ஒர்க் ஆகல"ன்னு எத்தனை மீட்டிங்ல சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்ல.

முதல் கிளினிக்

போன வருஷம் வீட்டுல கல்யாணப் பேச்சு எடுத்தாங்க. நான் நேரா ஒரு கிளினிக்குக்குப் போனேன். பேரு வேண்டாம். ஏசி, சோபா, சுவத்துல சினிமாக்காரங்க மாதிரி சிரிப்புப் படங்கள். உக்காந்தேன், வாயத் திறந்தேன், ரெண்டு நிமிஷம். "எட்டுப் பல்லுக்கு செராமிக் வெனீர் போட்டுடலாம் சார். ஒரு பல்லு பன்னெண்டாயிரம். கல்யாண பேக்கேஜ் இருக்கு, இஎம்ஐ இருக்கு." மொத்தம் 96,000 ரூபாய். மாசம் எட்டாயிரம், பன்னெண்டு மாசம். எனக்கு அது கட்டக்கூடிய காசுதான். கிட்டத்தட்ட கையெழுத்துப் போட்டுட்டேன்.

எழுந்து வரும்போது சும்மா ஒரு கேள்வி கேட்டேன். "பிடிக்கலைன்னா அப்புறம் எடுத்துடலாமா?" அவர் சிரிச்சாரு. "எடுக்க எதுக்கு சார் போடணும்"னு சொன்னாரு. நான் வாழ்க்கைல எத்தனையோ டிப்ளாய்மென்ட் பண்ணியிருக்கேன். ரோல்பேக் பண்ண முடியுமான்னு கேட்டா சிரிக்கற ஆளக் கண்டா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மணி அடிக்கும். அடிச்சுது. யோசிச்சுட்டு வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வெனீர்னா என்ன

அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிச்சேன். சுருக்கமா சொல்றேன்.

வெனீர்ங்கறது பல்லோட முன்பக்கத்துல ஒட்டற ஒரு மெல்லிய ஓடு. நகம் மாதிரி நினைச்சுக்கோங்க. இது சினிமாவுக்காக வந்த யோசனை. 1920களோட கடைசியில ஹாலிவுட்ல சார்லஸ் பிங்கஸ்னு ஒரு பல் மருத்துவர், நடிகர்களுக்கு ஷூட்டிங் நேரத்துக்கு மட்டும் பல்லு மேல மெல்லிய ஓட்டை ஒட்டி விட்டாரு. ஷூட்டிங் முடிஞ்சதும் கழட்டிடணும், அதோட சாப்பிட முடியாது. நிரந்தரமா ஒட்டற வழி அப்ப தெரியாது. 1955ல மைக்கேல் பூனகோர்ங்கறவர், பாஸ்பாரிக் அமிலத்த எனாமல் மேல கொஞ்ச நேரம் வச்சா கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழி விழுது, அதுல பிசின் போய் பிடிச்சுக்குதுன்னு காட்டினாரு. 1980களோட தொடக்கத்துல, செராமிக் ஓட்டோட உள்பக்கத்தையும் அதே மாதிரி அமிலத்தால சொரசொரப்பாக்கி ஒட்டலாம்னு கண்டுபிடிச்சாங்க. அப்பத்தான் இன்னிக்கு நாம பாக்கற வெனீர் வந்துச்சு.

இதுல ரெண்டு வகை. காம்போசிட் வெனீர்னா பல் நிறத்துல இருக்கற பிசின மருத்துவரே பல்லு மேல வச்சு, நீல வெளிச்சம் அடிச்சு இறுக வச்சு, செதுக்கி, பாலிஷ் போடுவாரு. பெரும்பாலும் ஒரே நாள் வேலை. விலை கம்மி, உடைஞ்சா ஒட்டிக்கலாம், ஆனா நாளாக நாளாக டீ, காபி, மஞ்சள் கறை ஏறும். செராமிக் வெனீர்னா அளவெடுத்து லேபுக்கு அனுப்பி செஞ்சு வரும். கறை சீக்கிரம் பிடிக்காது, ரொம்ப நாள் உழைக்கும். நல்லாப் பாத்துக்கிட்டா பத்துப் பதினஞ்சு வருஷம், அதுக்கு மேலயும் தாங்கும். காம்போசிட் அதுல பாதி காலம்னு வச்சுக்கலாம்.

முக்கியமான விஷயம் இப்ப வருது. செராமிக் வெனீருக்குப் பெரும்பாலும் பல்லோட முன்பக்கத்த அரை மில்லிமீட்டர் அளவுக்கு, கூடக் கொறைய, சீவுவாங்க. எனாமல் மறுபடி வளராது. அது முடியோ நகமோ கிடையாது. ஒரு தடவை சீவிட்டா அந்தப் பல்லுக்கு வாழ்க்கை முழுக்க மேல ஏதாவது ஒரு ஓடு வேணும். எனக்கு அப்ப இருபத்தேழு வயசு. அந்த ஓடு பதினஞ்சு வருஷம் தாங்கும்னே வைங்க, எழுபத்தஞ்சு வயசுக்குள்ள எத்தனை தடவை மாத்தணும்? அந்தக் கணக்க முதல் கிளினிக்ல யாரும் போட்டுக் காட்டல. பேக்கேஜ்ல அது இல்ல.

"எந்த ஊருங்க தம்பி?"

ஒரு ஃப்ரெண்டு சொன்னான், பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில போய் ஒரு தடவை காட்டுடான்னு. நம்ம பக்கம் அதுக்குக் குறையே இல்ல. சேலத்துல இருக்கு, திருச்செங்கோட்டுல இருக்கு, குமாரபாளையத்துல இருக்கு. கட்டணமும் வெளிய விடக் கம்மி. காத்திருக்கணும், பசங்க பாத்துட்டு அப்புறம் பேராசிரியர் வந்து பாப்பாங்க, அவ்வளவுதான்.

நான் போன இடத்துல ஒரு வயசான அம்மா, பேராசிரியை. வாயத் திறக்கச் சொல்றதுக்கு முன்னாடியே கேட்டாங்க: "எந்த ஊருங்க தம்பி?" சொன்னேன். "சின்ன வயசுல எந்தத் தண்ணி குடிச்சீங்க? கிணறா, போரா, ஆத்துத் தண்ணியா?"

"போர் தண்ணிங்க மேடம்."

"அதான்"ன்னாங்க. சுத்தி நின்ன பசங்களக் கூப்பிட்டு, "இங்க பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு பாருங்க, எந்தெந்தப் பல்லு ஒரே வயசுல உருவாச்சோ அதெல்லாம் ஒரே மாதிரி"ன்னு காட்டினாங்க. இதுக்குப் பேரு பல் புளோரோசிஸ்.

மக்களே, அன்னிக்கு அவங்க சொன்னது, அப்புறம் நான் படிச்சது ரெண்டையும் சேத்து சொல்றேன். நம்ம ஆளுங்களுக்கு இது தெரியணும்.

சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் பாறை பூமி. அந்தப் பாறைல இருக்கற சில தாதுக்கள்ல புளோரைடு இருக்கு. தண்ணி பாறை இடுக்குல ரொம்ப நாள் தங்கத் தங்க அது கரைஞ்சு வரும். மேல இருந்த கிணத்துத் தண்ணி வத்தி, நாம ஆழமா ஆழமா போர் போடப் போட, அப்படி ரொம்ப காலம் பாறையோட கிடந்த தண்ணி மேல வருது. எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. பக்கத்துப் பக்கத்து போர்ல கூட அளவு மாறும். புளோரைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. குடிக்கற தண்ணில இருக்கற அளவுக்கு ருசியும் தெரியாது. எங்க ஊர்ல அந்த போர் தண்ணிக்கு "நல்ல தண்ணி"ன்னுதான் பேரு, ஏன்னா உப்புக் கரிக்காது.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீர்ல லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் புளோரைடு இருக்கலாம். வேற தண்ணியே கிடைக்காத இடத்துல 1.5 வரைக்கும். அதுக்கு மேல போன தண்ணிய சின்னக் குழந்தைங்க குடிச்சா, தாடைக்குள்ள உருவாகிட்டு இருக்கற பல்லோட எனாமல் சரியா இறுகாது. உள்ளுக்குள்ள நுண்ணிய ஓட்டைகளோட உருவாகும். வெளிய வந்தப்புறம் அந்த ஓட்டைல கறை ஏறும். நிரந்தரப் பல்லு உருவாகற காலம் பிறந்ததுல இருந்து சுமார் எட்டு வயசு வரைக்கும். முன்பல்லுக்கு முதல் நாலஞ்சு வருஷம்தான். அதாவது மூணு வயசுல நடந்த தப்பு ஏழு வயசுலதான் கண்ணுக்குத் தெரியும். பில்டு ஆகும்போது விழுந்த பிழை, நாலு வருஷம் கழிச்சு புரொடக்ஷன்ல தெரியற மாதிரி. தெரியும்போது திருத்தற நேரம் போயிருக்கும். எட்டு வயசுக்கு அப்புறம் அந்தத் தண்ணி குடிச்சாப் புதுசா பல்லுல கறை வராது. ஆனா அளவு ரொம்ப அதிகமா இருந்து பல வருஷம் குடிச்சா எலும்பு, மூட்டு பாதிக்கப்படும்.

இது புதுக் கதையும் இல்ல. அமெரிக்காவுல கொலராடோ ஸ்பிரிங்ஸ்னு ஒரு ஊர்ல, ஊர்க்காரங்க பல்லெல்லாம் பழுப்பா இருக்கறதப் பாத்து ஃப்ரெடரிக் மெக்கேங்கற பல் மருத்துவர் 1901ல தேட ஆரம்பிச்சாரு. தண்ணில இருக்கற புளோரைடுதான் காரணம்னு தெரிய 1931 ஆச்சு. முப்பது வருஷம். நம்ம நாட்டுல 1937லயே அன்றைய சென்னை மாகாணத்துல, நெல்லூர்ப் பக்கத்து கிராமங்கள்ல இந்த நோய் இருக்கறதப் பதிவு பண்ணியிருக்காங்க. இங்க பக்கத்துல தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காக 2013ல தொடங்கின ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தோட முழுப் பேர்லயே புளோரோசிஸ் பாதிப்பைக் குறைக்கறதுன்னு சேத்துத்தான் வச்சாங்க. ஆக, அரசாங்கத்துக்குத் தெரியும், மருத்துவருக்குத் தெரியும். என்கிட்ட "பல்லு வெளக்கலையா"ன்னு கேட்டவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இத்தனை வருஷம் என் மேலதான் தப்புன்னு நினைச்சு கரிப்பொடி தேய்ச்சுட்டு இருந்தேன்.

சீவறதுக்கு முன்னாடி நாலு படி

அந்த மேடம் சொன்னது: "பல்லு திடமாத்தான் இருக்கு தம்பி. நிறம்தான் பிரச்சனை. கம்மியா சீவற வழியில இருந்து ஆரம்பிப்போம். போதும்னு தோணற இடத்துல நிறுத்திக்கலாம்."

முதல் படி, மைக்ரோஅப்ரேஷன். ஈறுல படாம ரப்பர் ஷீட் கட்டி, அமிலமும் ப்யூமிஸ் பொடியும் கலந்த பேஸ்டால மேல்தோலை மட்டும் ரொம்ப ரொம்பக் கொஞ்சமா தேய்ச்சு எடுப்பாங்க. இத வீட்டுல பண்ணாதீங்க. யூடியூப்ல பாத்துட்டும் பண்ணாதீங்க. மேலோட்டமான பழுப்பு இதுலயே நிறைய போயிடும். ரெண்டாவது படி, ப்ளீச்சிங். உங்க பல்லு அளவுக்கு ஒரு ட்ரே செஞ்சு, ஜெல் போட்டு ராத்திரில மாட்டிக்கணும், சில வாரம். கொஞ்சம் கூசும். மூணாவது, குழி விழுந்த, கறை போகாத பல்லுக்கு மட்டும் காம்போசிட். நாலாவது, இத்தனைக்கும் சரியாகலைன்னா செராமிக் வெனீர். பல்லே உதிர்ற அளவுக்கு மோசமான புளோரோசிஸ்னா முழுசா கேப் போட வேண்டியும் வரலாம். அது மருத்துவர் பாத்து சொல்லணும்.

இன்னொண்ணு சொன்னாங்க. இத நான் எங்கயும் கேள்விப்பட்டதில்ல. செராமிக் வெனீர் மெல்லிசா, லேசா ஒளி ஊடுருவற மாதிரி இருந்தாத்தான் நிஜப் பல்லு மாதிரி தெரியும். அடியில காவிக் கோடு அப்படியே இருந்தா அது மங்கலா மேல தெரியும். அத மறைக்கணும்னா ஓட்டை தடியாக்கணும், தடியாக்கணும்னா பல்ல அதிகமா சீவணும். அதனால கடைசில வெனீர்தான் போடப் போறோம்னாலும், முதல்ல கறையக் கொறைக்கறது நல்லது. புளோரோசிஸ் பல்லுல ஒட்டும் பிசின் பிடிக்கறதும் கொஞ்சம் கஷ்டம். அது தெரிஞ்ச ஆளு அதுக்கேத்த மாதிரி பண்ணுவாரு. "எந்தத் தண்ணி குடிச்சீங்க"ன்னு கேக்காத ஆளு எப்படிப் பண்ணுவாரு?

எனக்கு முதல் மூணு படியோட நின்னுடுச்சு. மைக்ரோஅப்ரேஷன், நாலு வாரம் ப்ளீச்சிங், அப்புறம் ரெண்டு வாரம் இடைவெளி விட்டாங்க, ஏன்னா ப்ளீச்சிங் பண்ண உடனே பிசின் சரியா ஒட்டாதாம். கடைசியா நடுவுல இருக்கற ரெண்டு பல்லுக்கு மட்டும் காம்போசிட். முழு வெள்ளையாச்சான்னு கேட்டா, இல்ல. கிட்ட வந்து பாத்தா ஓரத்துப் பல்லுல லேசான திட்டு இன்னும் தெரியும். அந்தக் காவிக் கோடு போயிடுச்சு. எனக்கு அது போதும். ஒருத்தருக்கு எட்டுப் பல்லும் வெனீர்தான் சரின்னா அதுலயும் தப்பே இல்ல. தெரிஞ்சு போடணும், அவ்வளவுதான்.

கிளினிக்ல கேக்க வேண்டியது

எழுதி வச்சுக்கோங்க. ஒண்ணு, என் பல்லுல கறை எதனால வந்துச்சு? ரெண்டு, சீவாம அல்லது கம்மியா சீவி சரி பண்ண வழி இருக்கா? மூணு, எவ்வளவு சீவுவீங்க, எனாமலோட நிக்குமா? நாலு, சீவறதுக்கு முன்னாடியே முடிவு எப்படி இருக்கும்னு என் பல்லு மேலயே மாதிரி வச்சுக் காட்டுவீங்களா? இத மாக்-அப்னு சொல்வாங்க, கண்டிப்பா கேளுங்க. அஞ்சு, உடைஞ்சா, கழண்டா யாரு பாப்பாங்க, என்ன செலவு?

நிறம் தேர்ந்தெடுக்கறத பகல் வெளிச்சத்துல பண்ணுங்க. டியூப் லைட்ல பாக்கற வெள்ளை வேற. ரொம்ப வெளுப்பா எடுத்தா கண்ணு வெள்ளையத் தாண்டி பல்லு மட்டும் தனியா தெரியும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி போய் நிக்காதீங்க. குறைஞ்சது ரெண்டு மூணு மாசம் முன்னாடி போங்க. அழகு நிலையத்துல, வீட்டுக்கு வந்து ஒட்டித் தரேங்கறவங்ககிட்ட, ஆன்லைன்ல வர்ற கிளிப் மாதிரிப் பல்லுல எல்லாம் மாட்டிக்காதீங்க. சட்டப்படி, பதிவு பண்ணின பல் மருத்துவர்தான் இந்த வேலையப் பண்ணலாம்.

போட்டப்புறம்

காம்போசிட்டோ செராமிக்கோ, பாத்துக்கறது கிட்டத்தட்ட ஒண்ணுதான். மெதுவான ப்ரஷ், சாதாரண புளோரைடு பேஸ்ட். ஆமா, புளோரைடு பேஸ்ட்தான். பேஸ்ட்ல இருக்கறதத் துப்பிடறோம், அது சொத்தையத் தடுக்குது. கரிப்பொடி, செங்கப்பொடி, உப்பு, "பளிச்" பேஸ்ட் எல்லாம் பாலிஷக் கெடுத்துடும். ஓட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கற கோட்டுலதான் அழுக்கு சேரும், அங்க சொத்தை வரும். வெனீருக்கு சொத்தை வராது, அடியில இருக்கற உங்க பல்லுக்கு வரும். அதனால தினமும் ஃப்ளாஸ் பண்ணணும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டணும்.

முன்பல்லால கடிக்கறத விட்டுடுங்க. தைப்பொங்கல் கரும்பு, கல்லு மாதிரி முறுக்கு, கடலை மிட்டாய், கொய்யாக்காய் எல்லாம் வெட்டியோ ஒடிச்சோ கடைவாய்ல போட்டுக்கோங்க. எனக்கு இந்தப் பொங்கல்ல கரும்பக் கத்தில சீவிக் கொடுத்தாங்க, சின்னப் பையன் மாதிரி. சோடா மூடி, பால் பாக்கெட் மூலை, நூலு, இதையெல்லாம் பல்லால பண்றத நிறுத்துங்க. ராத்திரில பல்லக் கடிக்கற பழக்கம் இருந்தா மருத்துவர்கிட்ட சொல்லுங்க, நைட் கார்டு போட்டுக்கணும். பாக்கு, ஹான்ஸ் போடற பழக்கம் இருந்தா எந்த வெனீரும் அழகா நிக்காது. ஓடு கழண்டு விழுந்தா ஒரு சின்ன டப்பாவுல பத்திரமா வச்சு எடுத்துட்டுப் போங்க. ஃபெவிக்விக் போட்டு நீங்களே ஒட்டாதீங்க. வெனீர ப்ளீச் பண்ண முடியாதுங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

கடைசிக் கேள்வி

எல்லாம் முடிஞ்சு கிளம்பற அன்னிக்கு அந்த மேடம் கேட்டாங்க: "வீட்டுல சின்னக் குழந்தைங்க யாராவது இருக்காங்களா தம்பி?"

எங்க அக்கா பொண்ணு இருக்கா. அப்ப ரெண்டரை வயசு. அக்கா வேலைக்குப் போறதால பாப்பா எங்க வீட்டுலதான் வளருது. அதே ஊரு, அதே போர். எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் அது தோணவே இல்ல. என் பல்லுக்கு 96,000 செலவு பண்ண ரெடியா இருந்தவன், பாப்பா என்ன தண்ணி குடிக்குதுன்னு யோசிக்கல.

ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி பிடிச்சுட்டுப் போய் தமிழ்நாடு குடிநீர் வாரியத்தோட பரிசோதனைக் கூடத்துல கொடுத்தேன். மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கு, கட்டணம் பெருசா இல்ல. ரிசல்ட் 2.4 வந்துச்சு.

அத எடுத்துட்டு வந்து திண்ணைல அப்பாகிட்ட விளக்கினேன். இந்த போர்ல புளோரைடு அதிகம்ப்பா, அதுதான் என் பல்லு, பாப்பா இந்தத் தண்ணியக் குடிக்கக் கூடாதுன்னு. அப்பா அந்தப் பேப்பர ரொம்ப நேரம் பாத்தாரு. அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அப்புறம் சொன்னாரு, "அந்தப் போரு நான் நின்னு ஓட்டுனதுடா."

எனக்குத் தெரியும் அது. நான் பிறக்கறதுக்கு முந்தின வருஷம் கிணறெல்லாம் வத்திப்போச்சு. பொம்பளைங்க ரெண்டு கிலோமீட்டர் குடம் தூக்கிட்டுப் போனாங்க. அப்பா மொதலாளிகிட்டக் கெஞ்சி, வெளியூர் போக வேண்டிய லாரிய ஒரு ராத்திரி ஊருக்குக் கொண்டு வந்து அந்தப் போரைப் போட்டாரு. தண்ணி பீச்சி அடிச்சப்ப ஊரே கூடி நின்னு, அம்மா உட்பட, தலைல தெளிச்சுக்கிட்டாங்களாம். எங்க வீட்டுல அடிக்கடி சொல்ற கதை அது. அன்னிக்கு அந்தத் தண்ணி வரலைன்னா ஊர்ல பாதிப் பேரு கிளம்பியிருப்பாங்க. அந்தத் தண்ணில என்ன இருக்குன்னு யாரும் அளந்து சொல்லல.

"உன் தப்பு என்னப்பா இருக்கு"ன்னேன். அவர் பதில் சொல்லல. பேப்பர மடிச்சு சட்டைப் பைல வச்சுக்கிட்டாரு.

இப்ப எங்க ஊருக்குக் காவிரித் தண்ணி வருது, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, மேல்நிலைத் தொட்டிக்கிட்ட ஒரு குழாய்ல. வீட்டுல போர் இருக்கறதால நாங்க அதக் கண்டுக்கறதே இல்ல. மறுநாள் காலைல ஆறு மணிக்கு அப்பா டிவிஎஸ் எக்ஸ்எல்ல ரெண்டு குடத்தக் கட்டிட்டுப் போய் நின்னாரு. அன்னைல இருந்து தண்ணி விடற நாள்ல ஒரு நாள் கூடத் தவறல. பாப்பாவுக்குக் குடிக்கறதுக்கும், அவளுக்கு சோறு வடிக்கறதுக்கும், பால் கலக்கறதுக்கும் அந்தத் தண்ணிதான். குடத்து மேல சுண்ணாம்புல "பாப்பா"ன்னு எழுதி வச்சிருக்காரு.

அதனால அந்த வாய்ஸ் நோட் தம்பிக்கு என் பதில். வெனீர் போட்டா கறை மறையும். அதுக்கு முன்னாடி கம்மியா சீவற வழி இருக்கான்னு கேளுங்க, ரெண்டாவது ஆளுகிட்டயும் காட்டுங்க. பொண்ணு வீட்டுல கேட்டா, எங்க ஊர்த் தண்ணி அப்படின்னு நேரா சொல்லுங்க. அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, இது ஒட்டாது, வம்சத்துலயும் வராது. நான் அப்படித்தான் சொன்னேன். அவங்க ஓமலூர்ப் பக்கம். பொண்ணோட அப்பா சிரிச்சுட்டு அவர் பல்லக் காட்டினாரு.

எட்டு வயசுக்குக் கீழ குழந்தை இருக்கற வீட்டுல போர் தண்ணி குடிக்கறீங்கன்னா, இந்த வாரமே ஒரு பாட்டில்ல பிடிச்சு டெஸ்ட் பண்ணுங்க. பஞ்சாயத்துல தண்ணி பரிசோதிக்கற கிட் இருக்கான்னும் கேளுங்க. கொதிக்க வச்சா புளோரைடு போகாது, தண்ணி வத்தி இன்னும் அடர்த்தியாகும். துணில வடிகட்டினாலும், சாதாரண கேண்டில் ஃபில்டர்லயும் போகாது. ஆர்.ஓ.ல போகும், ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர்ல போகும். காவிரித் தண்ணி வந்தா அதுவே போதும். அளவு என்ன வந்துச்சுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, எந்த ஊருன்னும் சேத்து சொல்லுங்க.

அடுத்த எபிசோடுல மறுபடி வேலை, சம்பளம், அப்ரைசல். கேமராவ ஆன் பண்ணித்தான் பேசப் போறேன். வரேங்க.